கை கண்டுபிடிக்கும் அழுக்கு: காரில் கிளே பார் பயன்படுத்தப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

காரை நன்றாகக் கழுவித் துடைத்து, நிழலில் நிறுத்தி, பானெட்டின் மீது விரல் நுனிகளை மெல்ல ஓட்டிப் பாருங்கள். புதிதாக வந்த வண்டியாக இருந்தால் கண்ணாடியைத் தடவுவது போல விரல் வழுக்கிச் செல்லும். இரண்டு மூன்று ஆண்டுகள் திறந்தவெளியில் நின்ற வண்டியாக இருந்தால், எவ்வளவு ஷாம்பு போட்டுக் கழுவியிருந்தாலும், மிக நுண்ணிய உப்புத்தாளைத் தொட்டது போன்ற ஒரு சொரசொரப்பு விரலில் தட்டுப்படும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அந்தப் பரப்பில் கைக்கு மட்டும் ஏதோ தட்டுகிறது என்றால், பெயின்ட்டின் மேல் படிந்திருப்பது தூசி அல்ல; தண்ணீருக்கும் ஷாம்புக்கும் அசையாமல் பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்ட துகள்கள். அவற்றை எடுப்பதற்கென்றே இருக்கும் பொருள்தான் கிளே பார். இதை ஒருமுறைகூடக் கையில் எடுத்திராதவர்கள் தாங்களே வீட்டில் செய்துகொள்ளும் அளவுக்கு இந்த வேலையை இங்கே விளக்க முயல்கிறேன்.

சென்னைப் புறநகர் ரயில் பாதையை ஒட்டிய தெருவொன்றில் ஆறு ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்ற எங்கள் வெள்ளைக் கார்தான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. அதன் பானெட்டிலும் கூரையிலும் குண்டூசி முனையளவு காவி நிறப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் தோன்றியபோது, தகடே துருப்பிடித்துவிட்டது என்று நினைத்துக் கலங்கினேன். உண்மையில் துருப்பிடித்தது காரின் தகடு அல்ல. ரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசுவதிலும் பிரேக் பிடிப்பதிலும் தெறிக்கும் இரும்புத் துகள்கள் காற்றில் வந்து பெயின்ட்டில் குத்தி நின்று, மழை ஈரத்தில் அவை துருப்பிடித்திருந்தன. துருப்பிடிக்கும் இரும்பு பருக்கும் இயல்புடையது. ஆகவே அந்தத் துகள்களை அப்படியே விட்டுவைத்தால், நாளடைவில் அவை பெயின்ட்டின் மேலடுக்கைக் குடைந்து உள்ளே இறங்கிவிடும். வெள்ளை வண்டியில் இது கண்ணுக்குத் தெரிகிறது. கறுப்பு வண்டியிலும் சாம்பல் நிற வண்டியிலும் இதே கேடு தெரியாமல் நடக்கிறது.

ரயில் பாதை அருகில் இல்லாவிட்டாலும் இரும்புத் துகள்களிலிருந்து தப்ப முடியாது. நம் காரின் பிரேக் டிஸ்க்கும் நமக்கு முன்னால் செல்லும் பேருந்தின் பிரேக்கும் தேய்ந்து தேய்ந்து காற்றில் கலப்பது பெரும்பாலும் இரும்புதான். தீபாவளி இரவில் கொளுத்தும் கம்பி மத்தாப்பின் பொறிகளே எரியும் இரும்புத் தூள்தான் என்பதால், அன்று தெருவில் நின்ற வண்டியை மறுநாள் காலையில் தண்ணீர் விட்டு அலசுவது நல்லது. இவற்றோடு, மாமரம் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிகள் சுரந்து கீழே சொட்டும் பிசுபிசுப்பு, புதிதாகப் போட்ட சாலையில் தெறிக்கும் தார், பக்கத்து அடுக்ககத்துக்கோ இரும்புக் கதவுக்கோ ஸ்பிரே அடிக்கும்போது காற்றோடு வந்து படியும் பெயின்ட்த் துளிகள் ஆகியனவும் சேர்ந்துகொள்கின்றன.

கிளே பார் எதைச் செய்யாது என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பின்னால் ஏமாற்றம் இராது. அது பெயின்ட்டின் மேல் துருத்திக்கொண்டிருப்பதை எடுக்கும்; பெயின்ட்டுக்குள் பள்ளமாக இறங்கியதை எடுக்காது. கீறல்கள், வெயிலில் சிலந்தி வலை போலத் தெரியும் வட்டக் கோடுகள், பறவை எச்சம் அரித்த தடம், போர்த் தண்ணீர் காய்ந்து அரித்த வெள்ளை வளையம் ஆகிய எதையும் கிளே சரிசெய்யாது. அவை பாலிஷ் செய்ய வேண்டியவை. சிமென்ட் தெறித்துக் காய்ந்திருந்தால் அதன் மேல் கிளேயைத் தேய்க்கவே கூடாது. பெயர்ந்து வரும் சிமென்ட்டின் மணல் பரப்பெங்கும் கோடு இழுத்துவிடும். அதற்கென உள்ள கரைப்பானை நன்கு தெரிந்தவரிடம் கொடுத்துப் பயன்படுத்துவதே முறை.

இந்தப் பொருளின் பிறப்பிலேயே இதற்கான எச்சரிக்கையும் இருக்கிறது. கிளே என்று சொன்னாலும் இது வயல் களிமண் அல்ல. மிருதுவான செயற்கைப் பிசினில் மிக நுண்ணிய உராய்வுத் துகள்களைக் கலந்து செய்த, குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் போன்ற ஒரு கட்டி. ஜப்பானைச் சேர்ந்த டடாவோ கொடாடே இதற்காகப் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 1995ஆம் ஆண்டின் இறுதியில் வெளியானது. அந்தக் காப்புரிமை தன் தலைப்பிலேயே இதை வளையக்கூடிய சாணைக்கல் என்றுதான் குறிப்பிடுகிறது. கையில் வெண்ணெய்போல் குழையும் ஒன்றைச் சாணைக்கல் என்று நினைப்பது கடினம். ஆனால் அப்படி நினைத்தால்தான் கை அடங்கும். இன்றைய காரின் பெயின்ட்டில், நிறத்துக்கு மேலே ஒளி ஊடுருவும் கிளியர் கோட் என்னும் அடுக்கு ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும், பளபளப்பைத் தருவதும் அதுதான். தேய்ந்தால் அது மீண்டும் வளராது. ஆகவே இந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது, இதைவிடக் குறைவாகத் தேய்த்து இதே பலனைப் பெற முடியுமா என்பதே.

தேவையா என்று முதலில் பாருங்கள்

ஆண்டுக்கு இரண்டு முறை கிளே போட வேண்டும் என்று சில கடைகளில் சொல்வார்கள். அந்தக் கணக்கை நான் ஏற்பதில்லை. மூடிய ஷெட்டில் நிற்கும் காருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாமல் போகலாம். ரயில் பாதை அருகிலோ தொழிற்பேட்டையிலோ நிற்கும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படலாம். முடிவு செய்ய வேண்டியது நாட்காட்டி அல்ல, கைதான். புதுச் சட்டை மடித்து வரும் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் கையை விட்டு, கழுவித் துடைத்த பரப்பின் மேல் விரல்களை அழுத்தாமல் ஓட்டுங்கள். உறை விரலுக்கும் பெயின்ட்டுக்கும் இடையிலான உராய்வைக் குறைப்பதால், வெறும் விரலுக்குத் தெரியாத சிறு மேடுகூடத் தெளிவாகத் தட்டுப்படும். கூரை, பானெட், பின்கதவு, கதவுகளின் கீழ்ப்பாதி எனத் தனித்தனியாகப் பாருங்கள். மேல்நோக்கிய பரப்புகள் சொரசொரப்பாகவும் கதவின் மேல்பாதி வழவழப்பாகவும் இருப்பது வழக்கம். வழவழப்பாக உள்ள பகுதிக்கு இன்று வேலையே இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

கிளே மென்மை, நடுத்தரம், கடினம் என்ற மூன்று தரங்களில் கிடைக்கிறது. முதன்முறை செய்பவர் எந்தத் தயக்கமும் இன்றி மென்மையான வகையையே வாங்க வேண்டும். மென்மையானது மெதுவாக வேலை செய்யும் என்பதைத் தவிர அதில் குறையொன்றும் இல்லை. கடினமானதோ ஒரே தேய்ப்பில் மங்கலான தடத்தை விட்டுவிடும், பின்பு பாலிஷ் செய்யாமல் அது போகாது. 100 கிராம் கட்டி ஒன்று சிறிய காருக்குப் பலமுறை வரும். அடுத்ததாக வழுக்கும் திரவம். கிளே லூப் என்றும் குயிக் டீடெய்லர் என்றும் ஸ்பிரே புட்டிகளில் விற்கிறார்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. ஒரு சிறிய காருக்கே அரை லிட்டர் வரை செலவாகிவிடும். கார் ஷாம்புவைத் தண்ணீரில் கலந்தும் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் எல்லா ஷாம்புகளும் போதிய வழுக்கலைத் தருவதில்லை. சில வகைகள் கிளேயை நசநசவென்று கரையச் செய்துவிடுகின்றன. எனவே கிளேயைத் தயாரித்தவர் பரிந்துரைக்கும் திரவத்தோடு தொடங்குவதே முதல்முறைக்குப் பாதுகாப்பு.

இவை தவிர, இரண்டு வாளிகள், காருக்கான ஷாம்பு, கழுவும் கையுறை, குறைந்தது ஐந்தாறு மைக்ரோஃபைபர் துணிகள், தார் நீக்கி, இரும்பு நீக்கி ஆகியவை வேண்டும். வேலை முடிந்ததும் பெயின்ட்டின் மேல் காப்புப் படலமாகப் பூச வாக்ஸோ (மெழுகு) சீலன்ட்டோ (செயற்கைக் காப்புப் பூச்சு) கட்டாயம் வேண்டும். அது வீட்டில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பழைய பனியன் துணி, பாத்திரம் துலக்கும் சோப்பு இரண்டும் இங்கே வேண்டாம்.

நேரமும் இடமும் கருவிகளைவிட முக்கியமானவை. பரப்பு குளிர்ந்திருக்க வேண்டும், வெயில் படக்கூடாது. நம் ஊர் வெயிலில் கறுப்புக் காரின் பானெட் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். அதன் மேல் தெளித்த திரவம் நொடிகளில் காய்ந்துவிடும், கிளே இளகிப் பெயின்ட்டில் அப்பிக்கொள்ளும். கோடையில் செய்வதென்றால் விடியற்காலை ஐந்தரை மணிக்கே தொடங்கி, வெயில் ஏறுமுன் நிறுத்திவிட வேண்டும். பாதிதான் முடிந்தது என்றாலும் நிறுத்துங்கள். மறுநாள் மீண்டும் கழுவி மிச்சத்தைச் செய்தால் ஒன்றும் கெட்டுவிடாது. அவசரப்பட்டு வெயிலில் செய்தால் கெடும்.

கழுவுதல்

கிளே போட்ட கார்களில் காணும் கீறல்களில் பல, உண்மையில் சரியாகக் கழுவாததால் வந்தவை என்பது என் கருத்து. பரப்பில் தளர்வாகக் கிடக்கும் மணல் ஒன்றுகூட மிஞ்சியிருக்கக் கூடாது. மிஞ்சினால் அது கிளேக்கு அடியில் சிக்கி, நாம் கை ஓட்டும் வழியெல்லாம் கோடு கிழிக்கும். முதலில் சோப்பின்றித் தண்ணீரை மேலிருந்து கீழாகப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள். பிறகு ஒரு வாளியில் ஷாம்பு நீரும் மற்றொன்றில் வெறும் நீரும் வைத்துக்கொண்டு, கையுறையை ஷாம்பு நீரில் நனைத்துக் கூரையிலிருந்து தொடங்குங்கள். ஒரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் நீரில் நன்றாக அலசிப் பிழிந்த பின்னரே மீண்டும் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கதவுகளின் அடிப்பகுதியும் பம்பர்களும் சக்கரங்களும் கடைசி. சக்கரத்துக்கு வேறொரு கையுறை. கதவு இடுக்கு, கண்ணாடி ரப்பர், நம்பர் பிளேட்டின் ஓரம் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் மண்ணையும் அலசி எடுத்துவிடுங்கள். நடு வேலையில் அங்கிருந்து ஒரு சொட்டு அழுக்கு நீர் வழிந்து வந்தால் கழுவிய உழைப்பு வீணாகும்.

மருந்தால் எடுக்கக்கூடியதை மருந்தால் எடுத்தல்

இந்தக் கட்டத்தைப் பலர் தாண்டிப் போகிறார்கள். நானும் முதன்முறை தாண்டிப் போனேன். கிளே எடுக்கக்கூடிய அழுக்கில் பெரும்பகுதியைத் தேய்க்காமலே கரைத்துவிட முடியும் என்றால், அதைக் கரைத்துவிடுவதுதானே கிளியர் கோட்டுக்கு நல்லது? கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கரத்துக்குப் பின்புறமும் உள்ள தார்ப் புள்ளிகளுக்குத் தார் நீக்கியைத் துணியில் நனைத்து ஒற்றி வைத்து, அது பழுப்பாக இளகியதும் மெல்லத் துடைத்து எடுங்கள். சுரண்ட வேண்டாம். பின்பு அந்த இடத்தைக் கழுவிவிட்டு, இரும்பு நீக்கியைத் தெளியுங்கள்.

இரும்பு நீக்கி வேலை செய்வதைப் பார்ப்பது இந்த நாளின் மிகச் சிறந்த பகுதி என்பேன். பெரும்பாலான வகைகளில் இருப்பது தயோகிளைகோலேட் என்னும் வேதிப்பொருள். தலைமுடியைச் சுருட்டும் மருந்திலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்தான் இருக்கிறது. இது இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாக மாறும். வெள்ளைக் காரின் மேல் தெளித்த ஓரிரு நிமிடங்களில், சுத்தமாக இருப்பதாக நாம் நம்பிய பரப்பெங்கும் ஊதாக் கோடுகள் வழியத் தொடங்கும். எங்கள் வண்டியின் பின்கதவு முழுவதும் அப்படி வழிந்ததைக் கண்டபோதுதான், இத்தனை நாள் எதை மெருகேற்றிக்கொண்டிருந்தோம் என்பது எனக்குப் புரிந்தது. வாடை அழுகிய முட்டையைப் போல் இருக்கும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், ரப்பர் கையுறை அணிந்து செய்யுங்கள். புட்டியில் குறிப்பிட்டுள்ள நேரத்துக்கு மேல் விடாமல், எந்த நிலையிலும் காயவிடாமல், ஏராளமான நீர் விட்டு அலசுங்கள். காய்ந்தால் அதுவே கறையாகிவிடும். மிகவும் சொரசொரப்பான வண்டிக்கு இதை இரண்டாவது முறையும் செய்யலாம். அதன் பிறகு பிளாஸ்டிக் உறைக்குள் கையை விட்டு மீண்டும் பாருங்கள். சில வண்டிகளுக்கு வேலை இத்தோடு முடிந்துபோகும்.

கிளேயைக் கையில் எடுத்தல்

கட்டியை முழுதாகப் பயன்படுத்தாதீர்கள். 100 கிராம் கட்டியை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். எடுத்த துண்டைச் சப்பாத்தி மாவைப் போல் உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து, மூன்று நான்கு விரல்களுக்கு அடியில் அடங்கும் அளவுக்குத் தட்டையாகத் தட்டுங்கள். மார்கழி மாதக் காலையில் அது விறைத்திருந்தால், வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் போட்டு எடுத்தால் இளகும்.

இப்போது பானெட்டில் ஏறக்குறைய இரண்டடிக்கு இரண்டடி இடத்தை மனத்தில் வரைந்துகொண்டு, அந்த இடம் முழுவதும் நனையும்படி வழுக்கும் திரவத்தைத் தெளியுங்கள். கிளேயின் முகத்திலும் தெளியுங்கள். விரல்களின் எடையை மட்டும் கிளேயின் மேல் வைத்து, நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. ஏதேனும் மெல்லிய தடம் விழுந்துவிட்டாலும், நேர்க்கோடாக இருந்தால் அது வட்டத்தைப் போல வெயிலில் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரியாது. பாத்திரம் துலக்கிப் பழகிய கை தானாகவே அழுத்தும், அதைக் கவனித்துத் தடுக்க வேண்டும். கிளே சறுக்காமல் பிடித்து இழுப்பது போலத் தோன்றினால் உடனே நிறுத்துங்கள். அந்த நேரத்தில் தேவைப்படுவது அழுத்தம் அல்ல, இன்னும் திரவம். கிளேக்கும் பெயின்ட்டுக்கும் இடையில் எப்போதும் ஒரு நீர்ப்படலம் இருக்க வேண்டும். கிளே அந்தப் படலத்தின் மேல் மிதந்து செல்லும்போது, படலத்துக்கு மேலே தலை நீட்டும் துகள்களை மட்டும் கவ்விப் பிடுங்கித் தன்னுள் புதைத்துக்கொள்கிறது. படலம் வற்றிய கணமே அது சாணைக்கல்லாகிவிடும்.

தொடக்கத்தில் ஒரு நுண்ணிய கரகரப்பை விரலால் உணர்வீர்கள். அமைதியான இடமென்றால் காதாலும் கேட்கலாம். நான்கைந்து முறை சென்று வந்ததும் அந்தக் கரகரப்பு குறைந்து, பின்பு முற்றிலும் ஓய்ந்து, பனிக்கட்டியின் மேல் செல்வது போலக் கை சறுக்கத் தொடங்கும். அந்த இடம் முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அதற்கு மேல் ஒருமுறைகூடத் தேய்க்காதீர்கள். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் திரவத்தை ஒற்றித் துடைத்து, உறையிட்ட கையால் தடவிப் பாருங்கள். இன்னும் எங்கேனும் தட்டினால் திரவம் தெளித்து அந்த இடத்தை மட்டும் மீண்டும் செய்யுங்கள். மூன்று முறை செய்தும் அசையாத புள்ளியைக் கிளேயால் வெல்ல முயலாமல், மீண்டும் இரும்பு நீக்கியையோ தார் நீக்கியையோ அந்தப் புள்ளிக்கு மட்டும் வைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு இடம் முடிந்ததும் கிளேயைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதன் முகத்தில் பழுப்பும் கறுப்புமாக அழுக்கு ஏறியிருக்கும். அழுக்கான முகம் உள்ளே போகும்படி மடித்துப் பிசைந்து, புதிய முகத்தை வெளியே கொண்டுவந்து தட்டையாக்கிய பின்னரே அடுத்த இடத்துக்குச் செல்லுங்கள். எவ்வளவு மடித்தாலும் நிறம் மாறாமல் சாம்பலாகவே இருக்கும் நிலை வந்தால், அந்தத் துண்டின் ஆயுள் பெயின்ட்டைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது.

கீழே விழுந்த கிளேயை மீண்டும் பெயின்ட்டில் வைக்கவே கூடாது. என் முதல் நாளில் கூரையின் ஓரத்தைச் செய்துகொண்டிருந்தபோது வழுக்கிக் கீழே விழுந்த துண்டை, விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று எண்ணிக் கழுவிவிட்டு மீண்டும் பயன்படுத்தினேன். கழுவினால் போவதற்கு மணல் அதன் மேல் ஒட்டியிருக்கவில்லை, உள்ளே புதைந்திருந்தது. ஓட்டுநர் பக்கத்து முன்கதவில் அன்று விழுந்த ஒரு சாண் நீளக் கீறலில் விரல் நகம் இன்றும் சிக்குகிறது. கட்டியைத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளச் சொன்னதற்கு முதன்மையான காரணம் இதுவே. ஒரு துண்டு விழுந்தால் அதைத் தயங்காமல் குப்பையில் போட மனம் வரும்.

வரிசையைப் பொறுத்தவரை, கூரை, பானெட், பின்கதவின் மேல்பாதி, கதவுகளின் மேல்பாதி என மேலிருந்து கீழே வாருங்கள். கதவுகளின் அடிப்பகுதியும் பம்பரும் மிக அழுக்கானவை என்பதால் அவற்றைத் தொட்ட துண்டோடு மீண்டும் மேலே போகக் கூடாது. முன்கண்ணாடிக்கும் இதே முறையில் கிளே போடலாம். வைப்பர் ஓடும்போது வரும் கிறீச்சொலி அதனால் பல நேரங்களில் அடங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன். பெயின்ட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பழைய துண்டு, கீழே விழாததாக இருக்கும் பட்சத்தில், கண்ணாடிக்குப் போதும். கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகளிலும் ரப்பர்களிலும் கிளே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றின் சொரசொரப்பான பரப்பில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

முதல்முறை செய்யும்போது ஒரு சிறிய காருக்குக் கழுவுவது நீங்கலாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளும் முதுகும் வலிக்கும்போது கை தானாக அழுத்தத் தொடங்கும்; அப்போது பத்து நிமிடம் உட்கார்ந்து எழுவது நல்லது.

எந்த வண்டியில் கூடாது, எதில் கவனம்

பளபளப்பற்ற மேட் பெயின்ட்டிலும் மேட் ஸ்டிக்கரிலும் கிளே போடவே கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாக நிற்கும், அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. விபத்துக்குப் பிறகு புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதி முழுவதும் இறுகச் சில வாரங்கள் பிடிக்கும். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அடித்த பட்டறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட் பாதுகாப்புப் படலம் ஒட்டிய வண்டியிலும் செராமிக் பூச்சு உள்ள வண்டியிலும் அதைப் போட்டவரின் அறிவுரை இல்லாமல் கை வைக்க வேண்டாம். அம்பாசிடர், பிரிமியர் பத்மினி போன்ற பழைய வண்டிகளை ஆசையோடு பேணுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அவற்றின் பழைய பெயின்ட்டில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் இல்லை. ஆகவே கிளேயில் காரின் நிறமே லேசாக ஏறும். அது கேடு நிகழ்ந்ததன் அடையாளம் அல்ல, ஆனால் நாம் எடுப்பது நிறத்தையே என்பதால் இரட்டிப்பு மென்மை தேவை. துருவேறிய ஓரங்கள், பெயின்ட் உரிந்த விளிம்புகள் ஆகியவற்றை எந்த வண்டியானாலும் சுற்றிப் போய்விடுங்கள்.

கிளே கட்டிக்குப் பதிலாக, ஒரு பக்கத்தில் ரப்பர் போன்ற பாலிமர் பூச்சுள்ள கையுறைகளும் துணிகளும் இப்போது கிடைக்கின்றன. அவை வேகமாக வேலை செய்யும், கீழே விழுந்தாலும் நன்றாக அலசிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம், பலமுறை வரும். ஆனாலும் முதன்முறை பழகுவோருக்குக் கட்டியையே நான் பரிந்துரைக்கிறேன். விரலுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மெல்லிய கிளே மட்டும் இருக்கும்போது கரகரப்பு அடங்கும் கணத்தை விரல் துல்லியமாக உணர்கிறது. தடித்த கையுறைக்குள் அந்த உணர்வு மங்கிவிடுகிறது.

முடித்த பின்

கிளே, அழுக்கோடு சேர்த்துப் பழைய வாக்ஸையும் எடுத்துவிடும். இப்போது உங்கள் காரின் கிளியர் கோட் எந்தக் காப்புமின்றி நிற்கிறது. அதனால்தான் வாக்ஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம் என்றேன். முதலில் வண்டியை மீண்டும் ஒருமுறை ஷாம்புவால் கழுவித் திரவத்தின் மிச்சத்தைப் போக்குங்கள். காய்ந்ததும் கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பரப்பைப் பாருங்கள். வெள்ளை, வெள்ளி நிற வண்டிகளில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. கறுப்பிலும் கருநீலத்திலும் கிளே சென்ற வழியில் லேசான மங்கல் தெரியக்கூடும். அதற்கு மிக மென்மையான பாலிஷ் ஒன்றை நுரைப்பஞ்சில் இட்டுக் கையாலேயே போட்டால் பெரும்பாலும் போதும். இதற்காகப் பட்டறையில் கொடுத்து மெஷினால் ரப்பிங் செய்யச் சொல்வது, கொசுவை அடிக்கக் கோடரி எடுப்பது போலாகும். பிறகு வாக்ஸையோ சீலன்ட்டையோ மெல்லிய படலமாகப் பூசி, அதில் குறிப்பிட்டுள்ள நேரம் கழித்துத் துடைத்து எடுங்கள். கர்னோபா என்னும் தாவர மெழுகாலான வாக்ஸ் அழகாக இருக்கும், ஆனால் நம் வெயிலிலும் மழையிலும் சில வாரங்களிலேயே தேய்ந்துவிடும்; செயற்கைச் சீலன்ட் பல மாதங்கள் நிற்கும் என்பதால் தெருவில் நிற்கும் வண்டிக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன். செராமிக் பூச்சுப் போட எண்ணியிருந்தால் கிளேக்குப் பின் பாலிஷ் செய்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்த பின்னரே அதைத் தொடங்க வேண்டும்.

துடைத்த துணிகளை மற்ற துணிகளோடு சேர்க்காமல், துணி மென்மையூட்டி எதுவும் ஊற்றாமல், தனியாகத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். மிஞ்சிய கிளேத் துண்டின் மேல் வழுக்கும் திரவத்தை நாலைந்து சொட்டுத் தெளித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, வீட்டுக்குள் வையுங்கள். காரின் டிக்கியில் வைத்தால் கோடை வெப்பத்தில் இளகி டப்பாவோடு ஒட்டிவிடும்; திறந்து வைத்தால் காய்ந்து வெடித்துவிடும். வெடித்துப் பொடியும் கிளேயை எதற்கும் பயன்படுத்த முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு வரும் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வண்டியைக் கழுவிவிட்டு, உறைக்குள் கையை விட்டுப் பானெட்டை மீண்டும் தடவிப் பாருங்கள். கை வழுக்கிச் சென்றால், டப்பாவைத் திறக்காமல் வாக்ஸை மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம்.